தொள்ளாயிரத்து நாற்பது யூரோ

கூஹ்மோ சுடுகளத்தில் ஆறு மேசைகள்.
ஐந்தாவதில் நான்.
ஜூன் மாதம், இரவு ஒன்பதரை.
வெயில் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.

நூறு மீட்டர் தள்ளி ஒரு தாள்,
தாளில் ஐந்து ஓட்டை.
நாலை ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம்.
ஐந்தாவது
கல்யாணத்துக்கு வந்த வெளியூர்க்காரன் போல
தனியே நிற்கிறது.

காரணத்துக்குப் பஞ்சமில்லை:
ஏரிப் பக்கத்துக் காற்று,
கடைக்காரன் சரியாக முறுக்காத தொலைநோக்கி,
போன பெட்டித் தோட்டா மாதிரி இல்லாத
இந்தப் பெட்டித் தோட்டா.
பிறகு, கொசு.

மூன்றாவது மேசையில் ஓர்வோக்கி.
வாரம் முழுக்க மர லாரி ஓட்டுகிறவள்,
ஞாயிறுகளில் மட்டும் அசையாதிருக்கிறாள்.
அவள் முன்னால் அந்தச் சாதனம்:
மூன்று கால், பதினொரு கிலோ இரும்பு,
துப்பாக்கியின் தாடையை ஏந்த ஒரு தொட்டில்.
குச்சியை ஒரு விரலால் தள்ளினால்
குறுக்குக்கம்பி எறும்பாக நகர்ந்து
புள்ளியில் போய் நிற்கிறது.
கையை எடுத்தாலும் நிற்கிறது.
எழுந்து போய்க் காப்பி குடித்து வந்தாலும்
அங்கேயேதான் நிற்கிறது.

“வாங்கலாமா?” என்றேன்.
“எதற்கு?” என்றாள்.
விலையைப் பற்றிக் கேட்பாள் என்று
வரும் வழியெல்லாம் பதில் சேர்த்திருந்தேன்.
இந்தக் கேள்விக்கு என்னிடம் சில்லறை இல்லை.

“சுட்டுப் பாரேன், ஏஸ்கோ.”
என் துப்பாக்கியை அதில் கிடத்தினேன்.
விசையை மட்டும் தொட்டேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் மணிக்கட்டில் ஒரு கொசு
உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டது.
அடிக்கவில்லை. அதனால் எதுவும் மாறவில்லை.
நாலு. ஐந்து.

தாளில் ஒரே ஓட்டை,
விளிம்பு கொஞ்சம் கிழிந்து,
பட்டாணி அளவு.

எல்லோரும் கை கொடுத்தார்கள்.
எனக்கோ வழக்கில் தோற்ற முகம்.
துப்பாக்கி நிரபராதி.
தோட்டா நிரபராதி.
காற்றைக்கூட விடுதலை செய்துவிட்டார்கள்.
ஆடத் தெரியாதவள்
கூடம் கோணல் என்றாளாம்.
சரி,
கொத்தனார் வந்து நூல் பிடித்து
கூடம் நேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனபிறகு
அவள் என்ன செய்தாள்?
அதைப் பழமொழி சொல்வதில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி மணல்மூட்டை.
ஹில்க்கா என் பழைய ஜீன்ஸ் காலை வெட்டித்
தைத்துக் கொடுத்தது,
பையில் இன்னும் பொத்தான் இருக்கிறது.
கன்னத்தைக் கட்டையில் வைத்தேன்.
புள்ளி துடித்தது.
மூச்சை நிறுத்தினேன்.
அப்போதும் துடித்தது, சீராக,
தட், தட்,
கீழிருந்து யாரோ மேசையைத் தட்டுவதுபோல்.
மூன்று வருடம் முன்பு கயானி ஆஸ்பத்திரியில்
திரையில் பச்சைக் கோடாக ஓடியதுதான் இது.
அங்கே பார்க்கப் பயமாக இருந்தது.
இங்கே அதற்கு நடுவில்
ஓர் இடைவெளி கண்டுபிடிக்க வேண்டும்,
அவ்வளவுதான்.
இரும்புத் தொட்டிலில் இது தெரியவே இல்லை.
பின்னால் ஆளே இல்லாத மாதிரி
அவ்வளவு சுத்தம்.

பந்தயத்துக்குப் போகிறவன் வாங்கட்டும்.
அங்கே அது இல்லாமல் போனால்
கடைசி வரிசையில்தான் பெயர் வரும்.
தோட்டாவைச் சோதிக்கவும் அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.
இலையுதிர் காலத்து எல்க் மானோ
மூன்று காலையும் மட்டம் பார்த்து முடிக்கும்வரை
காத்திருக்காது.
எனக்கு?

ஓர்வோக்கியிடம் பேசி முடித்தேன்:
புதுப் பெட்டித் தோட்டா வாங்கும்போதெல்லாம்
ஒரு மணிநேர இரவல்,
பதிலுக்கு ஒரு கிலோ புகைபோட்ட முய்க்கு மீன்.
மிச்ச நாளெல்லாம் ஜீன்ஸ் கால்.

பணம் இன்னும் மேஜை அறையில்தான்.
சவுனா அடுப்பின் கல்லெல்லாம் வெடித்துவிட்டதென்று
ஹில்க்கா சொல்லிக்கொண்டிருக்கிறாள்.
“ம்” என்கிறேன்.
விலைப்பட்டியலின் அந்தப் பக்கத்தை
நான் மூடவும் இல்லை.

சுடுகளத்தில் இப்போதெல்லாம்
கூட்டத்தை விட்டு விலகிய ஓட்டை யார் தாளில் விழுந்தாலும்
அதற்கு ஏஸ்கோ என்று பெயர்.
நேற்று ஓர்வோக்கிக்கே ஒன்று விழுந்தது,
இரும்புத் தொட்டிலிலிருந்து.
கொசு என்றாள்.