மனிதனல்ல என்று ஒரு பெயர்

முதலில் பிறந்த இருவரும்
நாற்பது நாள் தாண்டவில்லை.
மூன்றாவதாக அண்ணன் வந்தபோது
அம்மா ஹுன்பிஷ் என்று பெயர் வைத்தாள்.
எங்கள் மொழியில்
மனிதனல்ல என்று பொருள்.
கதவுக்கு வெளியே காத்து நின்ற எதற்கோ
கேட்கும்படி
மூன்று முறை உரக்கச் சொன்னாளாம்:
இங்கே மனிதர் யாரும் பிறக்கவில்லை, போ.
அது போய்விட்டது.

எர்தெனெத் செப்புச் சுரங்கத்துக்கு
ருஷ்யர்கள் கட்டிய மருத்துவமனை.
டாக்டர் ஜினாயிதா
குழந்தையின் உள்ளங்கையை விரித்தார்.
குறுக்கே ஓடிய ஒற்றைக் கோட்டைப் பார்த்தார்.
அட்டையில், நோய் என்ற கட்டத்தில்
ஊதா மையால் எழுதினார்:
மங்கோலிசம்.

அம்மாவுக்கு ருஷ்யம் எழுத்துக் கூட்டத்தான் தெரியும்.
இனம் என்ற கட்டத்தில் எழுதவேண்டியதை
டாக்டரம்மா இடம் மாற்றி எழுதிவிட்டார் என்று
அப்பாவிடம் காட்டிச் சிரித்தாளாம்.
மூன்று மாதம் சிரித்தாள்.
நான்காவது மாதம்
சுரங்கத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்
கதவைச் சாத்திவிட்டு விளக்கினார்.

எங்கேயோ, எப்போதோ, யாரோ ஒருவர்
தன் ஊர்ப் பிள்ளைகளின் கண்ணோரத்தில்
எங்கள் சாயல் தெரிகிறதென்று நினைத்து
எங்கள் பெயரையே நோய்க்கு வைத்தாராம்.
என்ன சிக்கனம்.
ஒரே சொல்லால்
என் அண்ணனையும்
ஒரு தேசத்தையும்
படியிறக்கி வைக்க முடிந்திருக்கிறது.

பிறகு அதை விட்டுவிட்டு வேறு சொல் கொண்டுவந்தார்கள்.
அது வெள்ளைக் கோட்டோடு வந்து
பள்ளி மைதானத்தில் இரண்டு வருடம் புரண்டு
வசவாகிப் போனது.
அடுத்ததும்.

நான் மட்டும் என்ன யோக்கியம்?
பதினோரு வயதில்
கணக்கில் தோற்ற தோழியை
மூளையில்லாத ஜென்மம் என்றேன்.
எதிரே பூஸ் தின்றுகொண்டிருந்த அண்ணனின் வாய் நின்றது.
அவளைத்தானே சொன்னேன், உன்னையா சொன்னேன்?
பதில் இல்லை.
தட்டில் இரண்டு பூஸ் மிச்சம்.
அவன் வாழ்நாளில் பூஸ் மிச்சம் வைத்ததில்லை.

போன செவ்வாய்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
பழைய அட்டைகளைக் கணினியில் ஏற்றுகிறார்களாம்.
ஓட்டல் சலவையறையில் இரவு வேலை முடித்து
விரலெல்லாம் சோப்பு வாசனையோடு வந்தான் அண்ணன்.
கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் இருந்த பெண்,
ஹோங்கோர்சுல் என்று சட்டையில் குத்தியிருந்தது,
என்னைப் பார்த்துக் கேட்டாள்:
இவனுக்குக் கையெழுத்துப் போட வருமா?

முப்பத்தாறு வயது அவனுக்கு.
காதோரம் நரை.
நான் அவன் என்பேன், வாடா என்பேன்,
தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவேன்.
கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து வரும் அவன்
வேறு அவன்.

அவரையே கேளுங்கள் என்றேன்.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. காது சிவந்தது.
திரையை அவன் பக்கம் திருப்பினாள்.
நீளமான பட்டியல். குன்றிய, குறைந்த, பிந்திய, சிறப்பு.
போன வருடம் ஒன்று சொன்னார்கள்,
இந்த வருடம் வேறு சொல்கிறார்கள்,
எனக்கே தெரியவில்லை.
உங்களுக்கு எது சரி?

உங்களுக்கு.
அண்ணன் அந்தச் சொல்லைத்தான் முதலில் எடுத்துக்கொண்டான்.
கையுறைகளைப் போர்வை மடிப்பதுபோல்
மூலைக்கு மூலை மடித்து வைத்தான்.
பின்னால் வரிசை இருமியது.

முதல்ல பேர் போடுங்க.
அப்புறம், ஓட்டல்ல சலவை.
அப்புறம், புரிஞ்சுக்க நேரம் ஆகும்,
அவசரப்படுத்தினா தப்பா வரும்.

அதற்குக் கட்டம் இல்லையே என்றாள்.

ஓரத்துல எழுதுங்க.

எழுதினாள்.
பழைய அட்டையில், ஊதா மைக்குப் பக்கத்தில்,
பேனாவால். கொஞ்சம் கோணலாக.
கணினியில் என்ன ஏற்றினாள் என்று
நான் பார்க்கவில்லை.

வாசல்வரை வந்துவிட்டோம்.
அப்போதுதான் பின்னாலிருந்து குரல்:
ஹுன்பிஷ் குவாய்!

குவாய் என்றால் எங்களிடம் மரியாதை,
ஐயா என்பதுபோல.
மனிதனல்ல ஐயா, உங்கள் தொப்பி!
கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.
எங்கள் ஊரில் அது ஒரு பெயர், அவ்வளவுதான்.
ஆனால் ஒரே இரைச்சல், அவனுக்குக் கேட்கவில்லை.
அந்தப் பெண் எழுந்து நின்று இன்னொரு முறை கூப்பிட்டாள்.

மூன்றாவது முறை
அண்ணன் திரும்பினான்.