பூச்சு

முந்தி வெள்ளை.
நடுவில் ஒரு கோடு. நகத்தால் அழுத்தினால்
சரிபாதியாய் உடையும் குளிசை.
ஒன்பது வருசம் அந்தக் கோட்டின்மேல்தான்
தடுமாறாமல் நடந்தேன்.

மாசியில் கல்முனை கிளினிக்கில் தந்தது
மஞ்சள், வழுவழுப்பு, கோடு இல்லை.
கொம்பனி மாறிற்றாம்.
"உள்ளுக்க மருந்து அதேதான் தங்கச்சி,
பூச்சுத்தான் வேற" என்றார்
கண்ணாடி ஓட்டைக்கு அங்கால் இருந்தவர்,
அடுத்த நம்பரைக் கூப்பிட்டபடி.

பதினோராம் நாள் மணிக்கட்டில் சிவப்பு.
நுளம்பென்று விட்டேன்.
மறுகா முழங்கை, கழுத்து,
தாலிக்கொடி உரசும் இடமெல்லாம் தடிப்பு.

களுவாஞ்சிகுடித் தபாற்கந்தோரில்
முத்திரை விற்பவள் நான்.
மிச்சக்காசை என் விரல் படாமல் எடுக்க
சனம் இரண்டே நாளில் பழகிற்று.

இன்னொன்றும் நடந்தது.
ஒன்பது வருசமாய் ஒன்றும் கேளாதவர்கள்
கேட்கத் தொடங்கினார்கள்.
அலோசியஸ் ஐயா கலமைன் போத்தல் வாங்கிவந்தார்.
சுபோதினி வேப்பிலை அவித்தாள்.
"எவ்வளவு கடிக்குமோ பிள்ளைக்கு" என்று
என் முழங்கையைப் பிடித்து மாமி அழுதாள்;
மூன்று நாள் நான் குளியலறைக் கதவைத் திறவாதிருந்தபோது
"நடிப்பு" என்று சொல்லிவிட்டுக்
கோழிக்கு அரிசி போடப் போன அதே மாமி.

இரவில் இரண்டு விரலுக்கிடையில் அந்த மஞ்சள்.
விழுங்கினால் விடியும்வரை சொறிவேன்.
விட்டால்
கிணற்றடியில் நின்று என் பெயரைக் கூப்பிடுவது
யார் என்று எனக்குத் தெரியும்.
விழுங்கினேன்.

தோல் டொக்டர் மனசு டொக்டரிடம் அனுப்பினார்.
மனசு டொக்டர் புதியவர், சின்னப் பொடியன்.
"உங்களுக்கு அப்படித் தோணுதா?" என்று கேட்டார்.
சட்டைக் கையை மடித்துக் காட்டினேன்.
"பூச்சுத்தான் வேற எண்டாங்க டொக்டர்.
எனக்கும் பூச்சிலதான் பிடிச்சிருக்கு."
எழும்பி, என் கையை
ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.
மஞ்சளை இன்றே நிற்பாட்டச் சொல்லி
பழைய வெள்ளைக்குத் துண்டெழுதினார்.
மட்டக்களப்பு டவுனில் ஒரேயொரு கடையில் இருக்கலாமாம்.
விலை அவருக்கும் தெரியாதாம்.

பஸ் கல்லாற்றுப் பாலம் ஏறும்போது
பக்கத்துச் சீற்றில் மீன்கூடைக்காரி
கம்பியைப் பிடித்த என் கையைக் கண்டுவிட்டாள்.
"என்னகா, இறால் ஒத்துக்கல்லையா?"

"ஓம்" என்றேன். "இறால்தான்."