ஒட்டுமரம்

துறைமுகத்தில் யாராவது ஓய்வுபெற்றால்
எனக்கு ஆர்டர் வரும்.
ஒன்றரை அடி நீளம், கண்ணாடிப் பெட்டி,
பித்தளைத் தகட்டில் பெயர், பணிக்காலம்,
அடியில் நீல வெல்வெட்.
அதுதான் கடல்.

காசிமேட்டில் ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி.
சன்னலைத் திறந்தால் ஐஸ் உடைக்கிற சத்தம்.
கன்டெய்னர் லாரி தெருமுனையில் திரும்பினால்
மேசைமேல் காய்கிற படகெல்லாம்
ஒரு விரற்கடை நகரும்.

விசைப்படகு கேட்பார்கள், கப்பல் கேட்பார்கள்,
அதிகம் கேட்பது கட்டுமரம்தான்.
பாய் வெள்ளையாக இருக்கவேண்டும்.
வலை கொஞ்சம் தொங்கவேண்டும்.
கொசுவலையை வெட்டித் தொங்கவிடுவேன்.
ஆள் மட்டும் வைப்பதில்லை.
ஒருமுறை வைத்தேன், களிமண்ணில்.
எந்தப் பக்கம் திருப்பினாலும்
என்னையே பார்த்தான்.

விரல்தடி மரம் ஐந்து.
அணியம் தூக்கலாக வர அரம்.
பெவிகால். இரண்டு மணி நேரம் கிளிப்.

தேசிங்கு சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பான்.
அவனுடையது பைபர் போட்டு, ஒன்பது குதிரை எஞ்சின்.
அதன்மேல் அவனுக்குப் பெருமையும் கிடையாது
புகாரும் கிடையாது,
மாதத் தவணை உண்டு.
"இத்த எங்க கட்டிக்கீற நீ?
ஒட்டி வச்சிக்கீற.
இதும் பேரு ஒட்டுமரம்"
என்றான், முள்ளைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு.

இரண்டு நாள் நான் பேசவில்லை.

அந்த வாரம்தான் சபாநாயகம் சார் வந்தார்.
கிரேன் ஓட்டியவர்.
வெல்வெட் வேண்டாம், பெட்டி வேண்டாம் என்றார்.
"முப்பத்து நாலு வருஷம் தண்ணிக்கு மேலயே
உக்காந்திருந்தேன்மா.
காலு நனைஞ்சதில்ல.
மிதக்கிறமாதிரி ஒண்ணு குடு."

முதலில் ஒட்டியதையே வாளியில் விட்டேன்.
காலையில் பார்த்தால் ஐந்து குச்சி,
ஐந்தும் ஐந்து திசையில்,
பாய் மட்டும் தனியாக
எங்கோ போய்க்கொண்டிருந்தது.

பிறகு கட்டினேன்.
பருத்தி நூலைத் திரித்து, மெழுகு தடவி.
இறுக்கினால் நடுமரம் எகிறுகிறது,
தளர்த்தினால் ஓரமரம் நழுவுகிறது.
தேசிங்கு பக்கத்தில் படுத்திருந்தான்.
கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.
சொல்லிவிட்டு இன்னொரு வார்த்தையும் சொல்லியிருப்பான்.
பதினோராவது கட்டு நின்றது.

தண்டையார்பேட்டையில் அவர் வீட்டு மாடி.
லாரித் தண்ணீர் பிடித்த நீல டிரம்மிலிருந்து
குளிக்கிற தொட்டியில் பாதி ஊற்றினார்,
அவர் மனைவி கதவோரம் நின்று
குடக்கணக்கு பார்த்தபடி.
விட்டோம்.
குச்சிகளுக்கு நடுவே தண்ணீர் ஏறியது,
மேலே பரவியது,
மரம் கழுத்தளவு இறங்கியது.

"முழுகுதேம்மா."

"முழுகல சார். உக்காருது.
படகு தண்ணிய வெளியவே நிக்கவைக்கும்.
இது வந்துட்டுப் போன்னு வுட்டுடும்."

நம்பாமல் உள்ளங்கையால் ஓர் அலை எழுப்பினார்.
அலை இடுக்கில் நுழைந்து
இடுக்கிலேயே வெளியேறியது.
இன்னொன்று எழுப்பினார், பெரிதாக.
சட்டைக் கை நனைந்தது.
அதற்கப்புறம் எத்தனை எழுப்பினார் என்று
நான் எண்ணவில்லை,
அந்தம்மா எண்ணியிருப்பார்.

பெட்டிக்கான முந்நூறைக் கழித்துக்கொண்டு கொடுத்தார்.
படியிறங்கும்போது கேட்டார்:
"இத எப்படிக் காயவைக்கிறது?"

"அவுத்துப் போடுங்க சார்.
கரைக்கு வந்தா அவுத்துடணும்.
அப்புறம் அது வெறும் மரந்தான்.
போறப்ப திரும்பக் கட்டிக்கணும்."

"எனக்குக் கட்டத் தெரியாதே."

எனக்குக்கூடப் போன வாரம்வரை
என்று சொல்ல வாயெடுத்து
செல்போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் விடியற்காலை மூன்றரை.
தேசிங்கு டீசல் கேனைத் தேடிக்கொண்டிருந்தான்.
போன் அடித்தது.
"மூணு நின்னுடுச்சும்மா.
நாலாவது வழுக்குது."

நூலை ஈரமாக்கச் சொன்னேன்.
மறுமுனையில் குழாய் திறக்கும் சத்தம்.

"யாருடீ இந்நேரத்துல?"

"ஒரு கட்டுமரக்காரரு"
என்றேன்.

கேனோடு ஒரு நிமிஷம் வாசலில் நின்றான்.
எந்தக் குப்பம் என்று கேட்டான்.