சிறு திருத்தங்கள்

கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு வண்டி போகும்
ஏழு நிமிஷம் எனக்கு ஓய்வு.
காதில் பேசும் குரல் அப்போது கேட்காது.
மற்ற நேரமெல்லாம்
பழகாத காதுக்குப் பிடிபடாத வேகத்தில்
அது வாசித்துக்கொண்டே இருக்கும்:
பொத்தான். பொத்தான். படம் நாற்பத்தேழு.
பொத்தான்.

எதற்கான பொத்தான் என்று
எழுதியவன் சொல்லவில்லை.
கதவு எண் இல்லாத தெருவில்
கூரியர் கொண்டு போகிறவள் மாதிரி
ஒவ்வொன்றாகத் தட்டுகிறேன்.
ஒன்று பணம் அனுப்பியது.
ஒன்று, கணக்கை மூடிவிடவா என்றது.

இதற்குச் சம்பளம் தருகிறார்கள்.
அம்மா முதலில் நம்பவில்லை.
"தப்பு கண்டுபிடிக்கிறதுக்குக் காசா?
அப்ப உங்க பெரியம்மாவுக்கு
ஆபீஸே வெச்சுக் குடுக்கணும்."

செவ்வாய்க்கிழமை கப்ரியேல் அண்ணன் வந்தார்.
ஹார்பரில் ஒரு கன்டெய்னர் கதவு
அவரிடம் வாங்கிக்கொண்டது ஐந்து விரல்.
உதவித்தொகை வர
உயிரோடு இருக்கிறேன் என்று
வருஷத்துக்கு நாலு தரம் ஆப்பில் சொல்ல வேண்டும்.
"இன்னாமா இது, அரிசி சைஸ்ல கட்டம்.
ஒண்ண அமுக்குனா நாலு அமுங்குது.
ஓடிபி அடிக்கிறதுக்குள்ள டைம் பூடுது."

எங்கள் கம்பெனி செய்த ஆப்தான்.
செய்தபோது என்னைக் கூப்பிடவில்லை.

நீங்கள் மனிதர்தானா என்று
இருவரையும் சேர்த்து அது கேட்டது.
அவர் கண், என் விரல்.
சிக்னல் விளக்கு உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கவும்.
"மேல ரெண்டாவது. இல்ல இரு,
அது கம்பம்தான், லைட் இல்ல.
கம்பத்த சேப்பாங்களா?"
எனக்கு எப்படித் தெரியும்.
"நம்ம பாலத்தாண்ட எரியாம நிக்குதே,
அத சேப்பானா இவன்?"
மூன்று முறை விழுந்தோம்.
நான்காவதில் அவர் மனிதர் ஆனார்.
டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

அன்றிரவு எழுதினேன்.
பொத்தானின் அளவு. நேர வரம்பு. பெயரின்மை.
பிழையை மீண்டும் நிகழ்த்தும் படிகள்:
ஒன்று, ஹார்பரில் வேலைக்குப் போகவும்.
இரண்டு,
அழித்துவிட்டேன்.
விதிமுறை எண்ணைப் போட்டேன்.
அவர்களுக்குப் புரிவது எண்.

தரமணியிலிருந்து ஷ்ரவண் பேசினான்.
மரியாதையான பையன்,
மைக்கை மூடாமல் சிப்ஸ் தின்பவன்.
"இந்த மாதிரி எத்தனை யூசர் இருப்பாங்க மேடம்?"
எண்ணூர் பஸ்ஸை நிறுத்தி
ஏறி எண்ணிச் சொல்லவா என்று நினைத்தேன்.
"ரெண்டு" என்றேன்.
"ஒருத்தர் அடுத்த தெரு.
இன்னொருத்தர் பேசிட்டிருக்கேன்."
கொஞ்ச நேரம் சிப்ஸ் சத்தம் இல்லை.

பிறகும் மூன்று மாதம்.
காசிமேட்டு ஏலத்தில்
கடைசிவரை கிடக்கும் காரப்பொடி மாதிரி
ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்துக்குப் போனது என் டிக்கெட்.
இடையில் மழை. வீட்டுக்குள் தண்ணீர்.
மோடத்தைப் பரண்மேல் வைத்து
கட்டிலில் சம்மணமிட்டு வேலை பார்த்தேன்.
சாக்கடை வாசனைக்கு
யாரிடம் டிக்கெட் போடுவது.

ஒருநாள் போன் தானாகவே சொன்னது:
புதிய பதிப்பு. இதில் என்ன இருக்கிறது:
புதிய வண்ணங்கள்.
பண்டிகைச் சலுகைகள்.
சிறு திருத்தங்கள்.

அந்தக் கடைசி வரியில்தான் நான் இருந்தேன்.

திறந்தேன். குரல் ஓடியது.
நிறுத்தினேன். வேகத்தைக் குறைத்தேன்,
வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்து வேகத்துக்கு.
"சமர்பி. பொத்தான்."
விரல் அங்கேயே இருந்தது.
மறுபடி கேட்டேன்.
"சமர்பி. பொத்தான்."
ஷ்ரவணே தட்டச்சு செய்திருக்க வேண்டும்,
ஒற்று விட்டுப்போயிருந்தது.
அதற்கும் ஒரு டிக்கெட் போட்டேன்.

கட்டங்கள் பெரிதாகிவிட்டன.
எஞ்சிய விரலால் அண்ணனே அமுக்குகிறார்.
ஓடிபி காத்திருக்கிறது.
படம் காட்டிக் கேட்கும் கேள்வி மட்டும்
இன்னும் போகவில்லை,
அதை எழுதியது வேறு கம்பெனியாம்.
எனக்கு இன்னும் அவர் கண் வேண்டும்.

"இந்தத் தபா இன்னா கேக்குறான்?"
"படகு இருக்கிற படமெல்லாம்."
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
அண்ணன் சிரித்தார்.
"அப்டி கேளு.
விசையா, ஃபைபரா?"