இரண்டு புள்ளி மூன்று

வாளையாறு தாண்டியதும்
பஸ்ஸில் பாட்டு மாறும்.
காற்று மாறாது.
அதே ஆடிக் காற்று, எதிரே கணவாயில் புகுந்து
கஞ்சிக்கோட்டில் எங்கள் லேபின் தகரக் கதவை
நாள் முழுக்க உலுக்கும்.
தூசி வருமென்று திறப்பதில்லை.

நாற்பத்தேழாம் சில்லு:
கட்டைவிரல் நகமளவு கண்ணாடி,
அதன்மேல் மாலிப்டினம்,
அதற்கும் மேல்
செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம்
ஒன்றாக வெந்துபோன ஒரு கறுப்பு.
தலைமுடியை ஐம்பதாகப் பிளந்தால்
ஒரு பிளவின் கனம்.

விளக்கடியில் வைத்ததும்
மற்ற நாற்பத்தாறும் தராத மின்சாரம் தந்தது.
ஏன் என்று தெரியவில்லை.
ஏன் என்று தெரியாத நல்லதை
இரண்டாம் முறை செய்ய வராது.
அதனால் அளக்கிறோம்.

எக்ஸ்ரே பட்டதும் ஒவ்வொரு தனிமமும்
திரையில் தனக்கென்று உள்ள இடத்தில்
ஒரு குன்றாக எழும்பும்.
செம்பு எட்டில்.
துத்தநாகம் எட்டரை தாண்டி.
வெள்ளீயம் மூன்றரைக்குக் கொஞ்சம் இப்பால்.
கந்தகம் இரண்டு புள்ளி மூன்றில்.
அடியில் கிடக்கும் மாலிப்டினமும்
அங்கேயேதான்.

லினீஷ் தாளை நீட்டினான்:
கந்தகம் அறுபத்தொரு சதம்.
எட்டு அணுவுக்கு நாலுதானே,
பாதிக்கு மேல் போய் அது எங்கே உட்காரும் என்றேன்.
"மெஷின் அங்ஙனெயா சேச்சி பறயுன்னது."
மெஷினுக்கு வேலந்தாவளம் தெரியாது.
அவனுக்குத் தெரியும், அவன் ஊர் அது.
வீட்டில் என்ன பாஷை என்று
கணக்கெடுக்க வந்தவர் கேட்டதற்கு
"எந்த நேரத்துல?" என்றாளாம் அவன் அம்மா.

குழாயை ஐம்பதாயிரம் வோல்ட்டுக்கு ஏற்றினோம்.
பதினேழரையை ஒட்டி, வேறு யாரும் வராத வெளியில்
மாலிப்டினம் தனியாக நின்றது.
அங்கே அதன் உயரம் தெரிந்தால்
இங்கே அதன் பங்கைக் கழித்துவிடலாம்.
ஆனால் மேலேயுள்ள படலம்
அதன் குரலில் பாதியை விழுங்கியிருக்கும்.
எவ்வளவு விழுங்கியது?
கனத்தைப் பொறுத்தது.
கனம் அடர்த்தியைப் பொறுத்தது.
அடர்த்தி, எது எவ்வளவு இருக்கிறது என்பதை.
அதைத்தானே ஐயா முதலில் கேட்டோம்.

ஒரு பொய்யெண்ணை வைத்துத் தொடங்கினோம்.
கழித்து, திருத்தி, மறுபடி கழித்து,
நடுவில் ஒரு தரம் கரண்ட் போய்,
ஏழாவது சுற்றில் எண்கள் நின்றன.
கந்தகம் ஐம்பது.
துத்தநாகம் பதினைந்து.
வெள்ளீயம் பதின்மூன்றுக்குள்.
செம்பு இருபத்தைந்து இருக்கவேண்டிய இடத்தில்
இருபத்திரண்டே.

செம்பில்லாத காலி இடங்கள்.
அவற்றில் கால்வைத்துத்தான்
மின்சாரம் நடந்திருக்கிறது.

லினீஷ் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு சொன்னான்:
அன்றைக்கு ஆசிட் கேன் வந்தது,
கையெழுத்துப் போடக் கதவைத் திறந்தானாம்.
தராசின் கண்ணாடிக் கூண்டு மூடவில்லை.
தட்டில் செம்பு உப்பு.
கொழிஞ்சாம்பாறைச் சந்தையில்
கட்டைவிரல் வைக்கும் வியாபாரி மாதிரி
காற்று அழுத்தியிருக்கிறது,
எண் சரியாக நின்றதென்று அவன் அள்ளுவதை நிறுத்திவிட்டான்.

மேலே எப்படி ரிப்போர்ட் கொடுப்பது?
நாற்பத்தெட்டுக்குச் செம்பைக் குறைத்து நிறுக்கலாம்,
அது சுலபம்.
குறிப்பேட்டில் 'காரணம்' என்ற கட்டம்தான் பாக்கி.
அவன் மலையாளத்தில் என்னவோ எழுதி
வெட்கப்பட்டு அடித்தான்.
நான் வாங்கித் தமிழில் எழுதினேன்:
காற்று.

மூடி வைக்கும்போது
அடித்த எழுத்தைக் கூட்டிப் பார்த்தேன்.
அதே சொல்.

பக்கத்தில் சிறியதாக,
பிழை: கூடவோ குறையவோ ஒன்றரை சதம்.