நிமிஷத்துக்கு ஒருவர்

நான் விற்பது ஒரு பெட்டி.
டிபன் கேரியர் அளவு, மூன்றரைக் கிலோ.
உள்ளே இருபத்தைந்து மீட்டர் எஃகுக் கயிறு,
இரு முனையிலும் ஒவ்வொரு பட்டை.
கொக்கியை மாட்டு. பட்டையை அக்குளுக்குக் கீழே இறுக்கு.
சுவரைப் பார்த்தபடி காலை விடு.
மின்சாரம் வேண்டாம், உன் கனம்தான் மோட்டார்.
ஒரு பட்டை கீழே போகப் போக
மற்றது மேலேறி அடுத்த ஆளுக்கு நிற்கும்.

இந்தப் பக்கம் விற்பது கஷ்டம்.
திருவையாற்றிலிருந்து கடல் வரைக்கும்
தரை பாய் விரித்த மாதிரி கிடக்கிறது.
ஜனங்களுக்கு ஏறத்தான் தெரியும்.
கொள்ளிடம் உடைத்தால் பள்ளிக்கூட மாடிக்கு,
புயல் என்றால் கல்யாண மண்டபத்து மாடிக்கு.
இறங்குவதற்கு ஒரு பெட்டியா,
அதுக்குப் பதினெட்டாயிரமா என்று
லாட்ஜ்காரர்கள் சிரிக்கிறார்கள். காபி மட்டும் நல்ல காபி.

இருநூற்றுப் பதினேழு கட்டடங்களிலிருந்து
இறங்கிவிட்டேன்.
ஒன்றுகூட எரியவில்லை.

கும்பகோணம். ஆடித் தள்ளுபடிக்கு மூன்று நாள்.
ஐந்து மாடி ஜவுளிக்கடை, முதலாளி சாரநாதன்.
மொட்டைமாடிச் சுவரில் கொக்கியை மாட்டினேன்.
கீழே பூக்காரி, ஆட்டோக்காரர்கள், தூக்கிப் பிடித்த செல்போன்கள்.

ஒரு கட்டடத்தை வெளியிலிருந்து,
மேலிருந்து கீழாக வாசிக்கிறவன் நான்.
ஐந்து: கம்பி ஜன்னல், கம்பிக்குப் பின்னால்
காயும் துணி, டிரங்குப் பெட்டி, பெண்பிள்ளை முகங்கள்.
நாலு: கூரை முட்டப் பாலியெஸ்டர் மூட்டை.
மூன்று: முகூர்த்தப் பட்டு, திறக்காத கண்ணாடி.
இரண்டு: கைகூப்பி நிற்கும் பொம்மைகள்.
அதற்குள் தரை. கைதட்டல்.

"ஒரு பொண்ணு இறங்கினா நல்லாருக்கும்,
விளம்பரத்துக்கு ஆகும்" என்றார் முதலாளி.
சகாயசுந்தரி வந்தாள். கீழையூர்ப் பக்கம்,
சுடிதார் செக்‌ஷன்.
கண்ணை மூடவில்லை, கத்தவில்லை.
பட்டையைக் கழற்றும்போது கேட்டாள்:

"நிமிஷத்துக்கு எத்தனை பேர்?"

"ஒருத்தர்."

"மேல அறுபத்து மூணு பேர் படுக்கிறோம்.
பத்தரைக்கு வெளியிலேர்ந்து பூட்டிடுவாங்க."
பிறகு, பட்டையை ஒழுங்காகச் சுருட்டி என்னிடம் கொடுத்து,
"நீங்க மாட்டினது மொட்டைமாடியில. எங்க ஜன்னல்ல கம்பி இருக்கு."

முதலாளி வாங்கினார். ஒன்றே ஒன்று.
தரைத்தளத்தில், கல்லாவுக்குப் பின்னால்,
லட்சுமி படத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டினார்.
சந்தனம் தொட்டார். அதன்மேல் குங்குமம்.
"ஆபீசர் வந்தா கண்ணுல படணும்."
உத்தரவாத அட்டையில்
பொருத்திய மாடி என்று ஒரு கட்டம் உண்டு.
பூஜ்யம் என்று எழுதினேன்.

சுவர் பார்க்கணும் என்று பொய் சொல்லி
ஐந்தாம் மாடிக்கு ஏறினேன்.
கம்பிச் சட்டம் வெல்டிங் இல்லை. நாலு மூலையிலும் போல்ட்,
உள்பக்கம், மேலே மூன்று கோட்டிங் பெயின்ட்.
சகாயசுந்தரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.
நான் ஜன்னலிடம் பேசினேன்.
"பெயின்டைச் சுரண்டணும். தேங்காயெண்ணெய் விட்டு
ஒரு ராத்திரி ஊறணும். இடப்பக்கமாத் திருகணும்."
ஜன்னல் பதில் சொல்லவில்லை.
துணி மடிக்கிற சத்தம் நின்றிருந்தது.

மாயவரம் பஸ். ஆற்றில் புதுத்தண்ணீர்,
நுங்கும் நுரையுமாக, எங்களோடு கிழக்கே.
கம்பெனிப் படிவத்தில் எழுதினேன்:
பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர், தொலைந்தது,
என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவும்.

ஆனால் கயிறு கல்லாவில் அல்லவா தொங்குகிறது.
ஜன்னலிலிருந்து தரைக்குப் பதினேழு மீட்டர்.
துப்பட்டா ஒன்று இரண்டேகால்.
எட்டு வேண்டும், முடிச்சுக்கு இன்னும் இரண்டு.
நனைத்துக் கட்டினால் முடிச்சு நழுவாது,
இதை அவளிடம் சொல்லாமல் வந்துவிட்டேன்.
அப்படி இறங்கினால் நிமிஷத்துக்கு எத்தனை பேர்?
உதடு அசைவதைக் கண்டக்டர் பார்த்துவிட்டு,
ஜெபம் என்று நினைத்து,
சில்லறை கேட்காமல் நகர்ந்தார்.