எண்பதில் வரும் சத்தம்

டிக்கித் தரையில் படுத்திருக்கிறேன், காது கீழே.
கம்பளத்தை உரித்தாகிவிட்டது. கன்னத்தில் வெறும் தகரம்.
சாய்ந்த பின்கண்ணாடியில்
பிர்ச் மரங்கள் தலைகீழாக ஓடுகின்றன.
ஓட்டுவது ஒஸ்மோ.

விவாகரத்துப் பத்திரத்தில்
வீடு எனக்கு, படகு அவனுக்கு.
எழுபத்திரண்டாம் வருஷத்து ஆரஞ்சு டட்சனை மட்டும்
இருவரும் விட்டுக்கொடுக்காததால்
'பொது' என்று எழுதிவிட்டார் வக்கீல்.
மே முதல் செப்டம்பர் வரை, வாரம் மாறி வாரம்.
சத்தமும் பொது.

"ஐம்பது" என்று கத்துகிறான்.
ஒன்றுமில்லை.
"அறுபத்தைந்து."
யோரோய்னன் திருப்பம் தாண்டித் தார் மாறுகிறது,
இரைச்சலும் கூடவே மாறுகிறது.
அது டயர். அதை விடு.
"எண்பது."
வந்துவிட்டது.

மிதி என்கிறேன். மிதிக்கிறான்.
காலை எடு. எடுக்கிறான்.
நியூட்ரலில் விடு.
இடமும் வலமுமாக ஒருமுறை பாம்பு போடு,
வீல் பேரிங் என்றால்
பாரம் விழுந்த பக்கம் கூடிக் கத்தும்.
கூடவில்லை.

"மிதித்தால் விசில். விட்டால் நின்றுபோகிறது."
"விசிலா? எங்கே? விட்டாலும் உறுமுகிறது."
"உறுமவில்லை, இர்மெலி. அது ரோடு."
பதினோரு வருஷம் ஒரே கூரையின் கீழ்
இதுதான் நடந்தது.
அவனுக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை.
நான் கேட்டதை அவன் கேட்கவில்லை.

வார்க்கவுஸ் பேப்பர் மில்லில் இருபத்தாறு வருஷம்.
மேல்ஸ்தாயி முழுவதையும் மில் வைத்துக்கொண்டது.
பறவைகளில் எனக்கு மிச்சம்
காகமும் கொக்கும்.
அவனுக்கோ கீழ்ஸ்தாயி எல்லாம்
சைலன்ஸரோடு கரைந்துவிடும்.
இதை நாங்கள் காதுச் சோதனைச் சீட்டில் படித்திருக்கிறோம்,
தனித்தனியாக.

கொட்டகை.
பின்பக்கத்தைத் தூக்கி நான்கு முட்டுக் கொடுத்து
கியரில் போட்டோம். சக்கரங்கள் காற்றில் சுற்றின.
நீள ஸ்குரூடிரைவரின் முனை டிஃபரன்ஷியல் மூக்கில்,
பிடி என் காதுக்குப் பின் எலும்பில்.
மண்டைக்குள் யாரோ
ஈரச் சரளையை அரைத்தார்கள்.
ஒன்றும் சொல்லாமல் அவனிடம் நீட்டினேன்.
எலும்பில் வைத்தான்.
ஸ்குரூடிரைவரை எடுக்கவே இல்லை, வெகுநேரம்.
"இவ்வளவு நாளாகவா?" என்றான்.

எண்ணெய் வடித்தபோது காந்தத் திருகில்
சாம்பல் நிறக் களிம்பு, நடுவே மினுமினுப்பாக
நாலைந்து செதில்.
மூடியைக் கழற்றி
கிரவுன் பற்களுக்கு மஞ்சள் பசை பூசிக்
கையாலேயே சுற்றினோம்.
பினியன் தொட்ட இடமெல்லாம் மஞ்சள் விலகி
பளிச்சென்று இரும்பு தெரிந்தது.
பல்லின் நடுவில் விழவேண்டிய தடம்
விளிம்புக்கு ஏறி, நகம் கிள்ளியதுபோல் கோணலாக.
எனக்குக் கேட்காத விசிலை
அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

பினியன் பேரிங் தேய்ந்து தளர்ந்திருந்தது.
உறுமல் அதனுடையது.
தளர்ந்ததால் பினியன் பின்வாங்க,
பல் பல்லோடு சேராமல் போனது விசில்.
இரண்டு சத்தம், ஒரே வியாதி.
இதைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்க
இருவருக்கும் துணிச்சல் வரவில்லை.
பேரிங் விலையைப் பாதியாக வகுத்தான் ஒஸ்மோ,
இருபது சென்ட் கூட விடாமல்.

ஷிம் மாற்றி, அளந்து, மறுபடி மாற்றி,
மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.
நடுவில் ஒருநாள் சண்டை, முத்திரை வளையம் பற்றி.
அதில் நான் சொன்னதுதான் சரி.

இன்று முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.
அறுபத்தைந்து. தார் மாறுகிறது.
எண்பது.
காற்று மட்டும்.
"கேட்கிறதா?" என்கிறான்.
"என்ன கேட்கிறாய்?" என்கிறேன்.
பதில் சொல்லாமல்
தொண்ணூறுக்குப் போகிறான்.